தீயில் காட்டாத கத்தி

கிடெங்கா ஊரில் பழிவாங்கும் குணமே இல்லாத பெண் என்று நலுமான்சிக்கு ஊர் ஏகமனதாகச் சான்றிதழ் கொடுத்திருந்தது. பக்கத்து வீட்டு ஆடு அவளுடைய அவரைக்கொடியை மேய்ந்தால், ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டு வருவாள். பெரியவர்கள் எதிர்ப்பட்டால் சேறா சகதியா என்று பாராமல் வழக்கப்படி முட்டிபோட்டு வணக்கம் சொல்வாள். பதினோரு வருஷ இல்லறத்தில் புருஷனை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. பின்னால் அவள் செய்ததைப் பார்த்துவிட்டு ஊர் அந்தச் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டதில் தப்பில்லை. கொடுத்ததுதான் தப்பு.

அவள் புருஷன் செபோவா வாழைத்தார் வியாபாரி. மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், தோட்டம் தோட்டமாக நுழைந்து, முற்றிய தாரைத் தன் கையாலேயே வெட்டி, சாலையோரம் அடுக்கி, தலைநகரம் கம்பாலாவுக்குப் போகிற லாரியில் ஏற்றிவிடுவான். இடுப்பில் தோலுறைக்குள் ஒரு கத்தி. அப்பன் வைத்துவிட்டுப்போன கத்தி. அதை இன்னொருத்தர் கையில் கொடுக்கமாட்டான். கழுவவும் மாட்டான், கழுவினால் அதன் ராசி போய்விடுமாம். போன ஊர்களிலெல்லாம் செபோவா தாரை மட்டும்தான் தொட்டான் என்று எழுத நமக்குக் கை கூசுகிறது. ஏரித்துறையில் மீன் சுடுகிற ஒருத்தி, சந்தைமுக்கில் சோடா விற்கிற ஒருத்தி என்று அவனுக்கு வழி நெடுகச் சொந்தம் இருந்தது. உழைப்பாளி.

கல்யாணமான முதல் மழைக்காலத்தில் அந்த உழைப்பாளிக்கு மூத்திரம் போகும்போது நெருப்பாய் எரிந்தது. மருந்துக்கடைக்காரர் ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் எரிச்சல் நின்றதும், மிச்சத்தை அடுத்த தடவைக்கு ஆகுமென்று வண்டி சீட்டுக்கு அடியில் பத்திரப்படுத்தினான். முன்யோசனைக்காரனும்கூட. அடுத்த மாதம் நலுமான்சிக்கு அடிவயிற்றில் பிடுங்கியெடுக்கும் வலி, காய்ச்சல், துணியில் மஞ்சள் கறை. புதுப்பெண், வேறு யாரிடம் சொல்வாள்? புருஷனிடம்தான் சொன்னாள்.

"பொம்பளைங்களுக்கு அதெல்லாம் வரும். தானா போயிடும்" என்றார் நிபுணர்.

வலி தானாகத்தான் போனது. போகும்போது எதை எடுத்துக்கொண்டு போனது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

பிறகு பிள்ளை வரவில்லை. வேர் வந்தது, பட்டை வந்தது, களிமண்ணில் பச்சிலை குழைத்த உருண்டை வந்தது. எல்லாவற்றையும் வாங்கி அனுப்பியவள் செபோவாவின் அக்கா நஞ்சோபே. நஞ்சோபே சாதாரண நாத்தனார் அல்ல, வானொலி நாத்தனார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குப் படுக்கையறைப் பாடம் சொல்வது அத்தைமாரின் உரிமை. அத்தை இல்லாதவர்களுக்கும் அத்தை வேண்டுமே என்று மசாக்கா நகரத்து வானொலி ஒன்று வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்கு நஞ்சோபேயை மைக்குக்கு முன்னால் உட்காரவைத்தது. புருஷனை எப்படி வரவேற்க வேண்டும், எந்தப் பக்கம் புரண்டு படுக்க வேண்டும் என்று அவள் சொல்வதை மாவட்டமே வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். அவளுடைய புருஷன் எட்டு வருஷத்துக்கு முன்பே ஓடிப்போனவன் என்பதை யாரும் ஒரு குறையாகப் பேசியதில்லை. அனுபவம் எப்படி வந்தாலும் அனுபவம்தானே.

கல்யாணமான பதினோராம் வருஷம் நலுமான்சியின் வாழைத்தோட்டம் வாடத் தொடங்கியது. நடு இலை மஞ்சளித்துத் துவண்டது. தார் முற்றாமலே பழுத்து உள்ளே கறுத்தது. தண்டை வெட்டினால் மஞ்சளாய்ச் சீழ் வடிந்தது. எங்களூரில் புருஷன் கல்யாணத்தன்று மனைவிக்குத் தோட்டம் காட்டுவான். அதில் விளைவதை வைத்து அவள் அந்த வீட்டுக்குச் சோறு போடுவாள். தோட்டம் போனால் மனைவி என்ற பதவியும் கூடவே போகும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நஞ்சோபே வானொலியில் பெருமூச்சு விட்டாள்.

"என் அன்புப் பெண்மக்களே, பெரியவங்க சொன்னது பொய்யில்ல. மலடி கால் பட்ட வாழை குலை தள்ளாது. யாரையும் நான் பேர் சொல்லமாட்டேன். நம்ம வீட்டுலயே, என் கூடப்பிறந்தவன் வீட்டுலயே ஒருத்தி இருக்கா. பதினோரு வருஷம். வயிறும் காலி, இப்ப தோட்டமும் காலி."

பேர் சொல்லவில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த தம்பி அவளுக்கு ஒரே ஒருத்தன். அந்தத் தம்பிக்கு இருந்த மனைவியும் ஒருத்தி. மறுநாள் கிணற்றடியில் நலுமான்சி குடத்தை இறக்கியதும் நாலு பெண்கள் தங்கள் குடத்தை ஒரு முழம் தள்ளி வைத்தார்கள்.

அந்த ஒரு முழத்தில்தான் எல்லாம் தொடங்கியது. எந்த வாய் எந்த மைக்கில் அந்தச் சொல்லைத் துப்பியதோ, அதே வாய் அதே மைக்கில் அதை நக்கி எடுக்க வேண்டும். நலுமான்சி குடத்தை நிரப்பினாள், நாலு பேருக்கும் சிரித்த முகமாக வணக்கம் சொன்னாள், நேரே சுகாதார நிலையத்துக்கு நடந்தாள்.

அங்கே கெமிகிஷா என்று ஒரு நர்ஸ். மேற்கத்தி மலைப்பக்கத்துக்காரி, பேச்சில் சர்க்கரை கிடையாது. எல்லாம் கேட்டாள், முதல் வருஷத்து வலியையும் மஞ்சள் கறையையும் இரண்டு தடவை கேட்டாள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்து, மருந்து செலுத்திப் படம் எடுத்துவரச் சொன்னாள். படம் வந்தது.

"கருக்குழாய் ரெண்டு உண்டும்மா. உனக்கு ஒரு பக்கம் அடைச்சிருக்கு. இன்னொண்ணு திறந்துதான் இருக்கு. பழைய தொத்து. அன்னிக்கே ரெண்டு பேரும் சேர்ந்து முழு மருந்து சாப்பிட்டிருந்தா இது வந்திருக்காது."

"அப்ப நான் மலடியா?"

"அந்த வார்த்தை எங்க புத்தகத்துல இல்ல. ஒரு குழாய்லயும் பிள்ளை வரும். உன் புருஷன் எப்ப வந்து சோதிச்சாரு?"

"ஆம்பளைக்கும் சோதனை உண்டா?"

கெமிகிஷா பேனாவை மூடினாள். "பிள்ளையில்லன்னு வர்ற ரெண்டு மூணு ஜோடியில ஒண்ணுலயாவது ஆம்பளை பக்கம் கோளாறு இருக்கும். ஆனா வர்றது என்னமோ பொம்பளை மட்டும்தான். அவரைக் கூட்டிட்டு வா."

கடிதமும் கொடுத்தாள். செபோவா அதை வாங்கி, சுட்ட சோளத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தின்றான். "எங்க வம்சத்துல ஆம்பளையைச் சோதிச்சதில்லை. எங்கப்பனுக்குப் பதினாலு."

அப்பனுக்குப் பதினாலு என்பது உண்மைதான். அப்பன் சோதனைக்கு வரவேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.

நஞ்சோபே அதற்குள் பரிகாரம் கண்டுபிடித்துவிட்டாள். நலுமான்சி தோட்டத்தில் கால் வைக்கக் கூடாது; இரட்டைப்பிள்ளை பெற்றவள் வந்து நடந்து தோட்டத்தைத் துலக்க வேண்டும்; அறுவடை முடிந்ததும் செபோவாவுக்குப் புதுப்பெண். லுவேரா ஊரில் பெண் பார்த்தாகிவிட்டது.

இரட்டையர் பெற்றவளுக்கு எங்களிடம் ராணிக்குச் சமமான மரியாதை. பட்டமே உண்டு, நாலோங்கோ என்று. எங்களூர் நாலோங்கோ மூன்று தடவை இரட்டை பெற்றவள். ஆள் நெல்மூட்டை மாதிரி. குரல் லாரி ஹாரன் மாதிரி. வந்தாள், தோட்டத்தைச் சுற்றி நடந்தாள், ஆடினாள், பாடினாள், வாழைக்கிழங்குகளைக் கண்டபடி திட்டினாள். சடங்குக்கு அவள் தோட்டத்துத் தார்தான் வேண்டும் என்பதால், செபோவா வாடிய தோட்டத்தில் நாலு மரத்தைச் சாய்த்த கையோடு அவள் தோட்டத்துக்குப் போய், அதே கத்தியால் பன்னிரண்டு தார் வெட்டிக்கொண்டு வந்தான். ஊரே அவித்து, கடலைக்குழம்போடு சாப்பிட்டது. நலுமான்சி வேலிக்கு வெளியே நின்று எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

ஆறு வாரத்தில் நாலோங்கோவின் தோட்டம் வாடியது.

ஊர் திகைத்துப்போனது. ஆறு பிள்ளையை மூன்றே தவணையில் பெற்றவளின் காலடியில் வாழை வாடினால், பெரியவர்கள் சொன்னதன் கதி என்ன? நாலோங்கோ தெருவில் நின்று கத்தினாள். "நான் மலடியாடா? சொல்லுங்கடா பார்ப்போம்! ஆறும் என்ன, கடன் வாங்கினதா?"

அந்த வாரமே விவசாய அலுவலர் ஓகெல்லோ வந்தார். வடக்கத்தி ஆள்; எங்கள் மொழியைக் கல்லைக் கடிக்கிற மாதிரி பேசுவார். மாமரத்தடியில் கூட்டம் போட்டு, வாடிய தண்டைப் பிளந்து சீழைக் காட்டினார்.

"இது சாபம் இல்லே. இது தொத்து. நல்லா இருக்குற மரத்துக்கு எப்படி வருது? கத்தி. நோவு புடிச்ச மரத்தை வெட்டுன கத்தியால நல்ல மரத்தை வெட்டினா, அதுக்கும் நோவு. மரம் தேடிப் போயி நோவு வாங்கறதில்லே. கத்தி கொண்டாந்து குடுக்குது. ஒவ்வொரு தோட்டத்துக்குள்ள போறதுக்கு முன்னாலயும் கத்தியைத் தீயில காட்டணும்." கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "இந்த ஊர்ல எல்லாத் தோட்டத்துலயும் போயி வெட்டறது யாரு?"

எழுபது ஜோடிக் கண்கள் செபோவாவின் இடுப்பைப் பார்த்தன.

அப்போதுதான் நலுமான்சி சிரித்தாள். சத்தமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஓகெல்லோ தன் பேச்சில் ஏதோ பிழை என்று நினைத்து, சொன்னதையே இன்னொரு தடவை சொன்னார். அவள் இன்னும் சிரித்தாள்.

வாடல் ஒழிப்புக் குழுவுக்குத் தலைவர் வேண்டும் என்றார் ஓகெல்லோ. "நலுமான்சியைப் போடுங்க. பிள்ளையா குட்டியா, சும்மாதானே கிடக்கா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கேலியாகச் சொன்னதை நாலோங்கோ சட்டமாக்கிவிட்டாள். இரண்டு கையையும் தூக்கினாள். அவள் தூக்கினால் தூக்காமலிருக்க மற்றவர்களுக்குத் தைரியம் கிடையாது.

மறுநாள் காலை செபோவா தன் தோட்டத்து வாசலுக்கு வந்தபோது, மனைவி மூன்று கல் கூட்டித் தீ மூட்டி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா, வணக்கம்கூட இல்லையா?"

"வணக்கங்க. முட்டிபோட்டா தீயை விசிற முடியாதுங்க. அலுவலர் உத்தரவு. கத்தியை எடுங்க."

"எங்கப்பன் கத்தி. தீயில காட்டினா ராசி போயிடும்."

"ராசி ஏற்கெனவே ஊரெல்லாம் போயிட்டு வந்திருக்குங்க. எடுங்க."

பின்னால் தங்கள் கத்தியையும் தீயில் காட்ட வந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். "எடுங்க மச்சான், எவ்வளவு நேரம்?" என்றாள் ஒருத்தி. செபோவா எடுத்தான். நலுமான்சி கத்தியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிதானமாகக் காட்டினாள், தோசை திருப்புகிற பொறுமையோடு. "இன்னும் சூடேறல. நில்லுங்க." அவன் நின்றான். தினமும் நின்றான். ஊரில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் வாசலில் ஒரு தீயும், தீக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணும் இருந்தார்கள்.

வரிசையில் நிற்கும் பெண்களிடம் நலுமான்சி வாழையைப் பற்றித்தான் பேசினாள். வாழையைப் பற்றி மட்டும்தான். மரத்துக்கு மட்டும் மருந்து வைத்துவிட்டுக் கத்தியை அப்படியே விட்டால் மறுபடி தொற்றும் என்றாள். எரிச்சல் நின்றதும் மருந்தை நிறுத்தினால் நோய் ஒளிந்துகொள்ளும் என்றாள். வாழைக்கு எங்கே எரிச்சல் வரும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அந்த மாதம் சுகாதார நிலையத்தில் கெமிகிஷாவுக்குப் பெஞ்சு போதவில்லை. மனைவிகள் புருஷன்மாரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். "கத்தியைத் தீயில காட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்ற வாக்கியம் எங்களூர்ப் படுக்கைகளில் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நஞ்சோபே வானொலியில் வாடலைப் பற்றிப் பேசினாள். ஊரெல்லாம் பேசுகிறதை அவள் பேசாமலிருக்க முடியுமா? முதல் அழைப்பு நாலோங்கோ.

"நஞ்சோபே கண்ணு, ஆறு பெத்த என் தோட்டமும் வாடிச்சே. அது எந்த மலடி கால் பட்டு?"

"அது... அது கத்தியால வந்ததுன்னு அலுவலர் சொல்றார் அம்மா."

"அப்ப குத்தம் தோட்டத்து மேலயா, கத்தி மேலயா?"

"கத்தி மேலதான்."

"அப்படிச் சொல்லு. இந்தா, பக்கத்துல ஒருத்தி பேசணுங்கறா."

"வணக்கம் அண்ணி" என்றாள் நலுமான்சி. குரலில் தேன். "ஒரே ஒரு சந்தேகம். பதினோரு வருஷமா தோட்டத்தை மட்டும் தோண்டித் தோண்டிப் பார்த்தீங்க. கத்தியை ஒரு தடவைகூடச் சோதிக்கலியே, ஏன் அண்ணி?"

மாவட்டமே வானொலிப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டியது. நஞ்சோபே அப்போதே பாட்டுப் போட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் கௌரவம் இருக்கிறதே.

"என் தம்பியையாடி சொல்றே? சிங்கம்டி அவன்! சோதிக்கட்டும். பேப்பரை அடுத்த வெள்ளிக்கிழமை இதே மைக்குல நானே படிக்கறேன். அப்ப நீ எங்கே கொண்டுபோய் மூஞ்சியை வெச்சுக்கறேன்னு பார்க்கறேன்!"

"நீங்களே படிச்சா ரொம்பப் புண்ணியம் அண்ணி."

லுவேராவிலிருந்தும் ஆள் வந்தது. புதுப்பெண்ணின் அத்தை வானொலி கேட்டிருந்தாள். பேப்பர் வராமல் பெண் வராது என்றாள். செபோவாவுக்கு வேறு வழியில்லை. போனான். மூன்று நாள் பெண்வாடை படக்கூடாது என்று கெமிகிஷா சொன்னபோது, "மூணு முழு நாளா?" என்று கேட்டானாம். ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்து மறைவான அறையைக் காட்டினாள். அந்தக் குப்பியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு அவன் முற்றத்தைக் கடந்தபோது, பெஞ்சில் இருந்த இருபது பெண்களும் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

முடிவு வந்ததும் கெமிகிஷா, "உட்காருங்க, இதைத் தனியா விளக்கணும்" என்றாள்.

"விளக்கமெல்லாம் பொம்பளைங்களுக்கு. உறையில போட்டு ஒட்டிக்குடு."

"முதல்ல வீட்டுல நிதானமா படிங்க. இதை நாலு பேர் முன்னால பிரிக்க வேண்டாம்."

"நாலு பேர் என்ன, நாடே கேட்கப்போகுது."

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கிடெங்காவில் ஒரு கோழிகூடக் கூவவில்லை. நாலோங்கோ வீட்டு முற்றத்தில் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். நலுமான்சி நடுவில் உட்கார்ந்து நிதானமாக வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். வானொலியில் உறை கிழிகிற சத்தம் கேட்டது.

"என் அன்புப் பெண்மக்களே, இதோ படிக்கிறேன். பெயர், செபோவா. வயது, நாற்பத்தொன்று. அளவு, மூன்று மில்லி. கேட்டுக்கோ நலுமான்சி, மூணு! நிறம், வெண்சாம்பல். எண்ணிக்கை..."

நின்றது.

"எண்ணிக்கை..."

"படி கண்ணு, படி" என்றாள் நாலோங்கோ பெட்டியைப் பார்த்து.

"உயிரணு... ஒன்றும் காணப்படவில்லை. பழைய தொற்றால் பாதை அடைபட்டிருக்கலாம். மறுபடி சோதித்து, பெரிய மருத்துவமனையில்..." அதற்குப் பிறகு பாட்டு. அரைமணி நேரம் ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப.

பெண்கள் குலவையிட்டார்கள். நலுமான்சி குலவையிடவில்லை. சீவிக்கொண்டிருந்த காயைக் கீழே வைத்தாள். "ரெண்டு வழியோட இந்த வீட்டுக்கு வந்தேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "ஒண்ணை அவரு அடைச்சாரு. தன்னோடதையும் அடைச்சுக்கிட்டாரு. மலடிங்கற பேரு மட்டும் எனக்கு." பிறகு காயை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

லுவேராவிலிருந்து அப்புறம் ஆள் வரவில்லை. ஐந்தாம் நாள் நஞ்சோபே தோட்டத்து வாசலுக்கு வந்தாள். நகரத்துச் செருப்பு, முக்காடு.

"நடந்தது நடந்துபோச்சு நலுமான்சி. குடும்ப மானம். வானொலிக்காரன் இனிமே வரவேண்டாங்கறான். நீ ஒரு வார்த்தை போன்ல சொன்னா..."

"சொல்றேன் அண்ணி. முதல்ல நீங்க சொல்லுங்க. அதே மைக்கு, அதே ஏழு மணி. பேரோட. அன்னிக்குப் பேர் சொல்லாம சொன்னீங்களே, அந்தக் குறை வேண்டாம்."

"ஏடி, இவ்வளவு வன்மமாடி உனக்கு?"

"ஆமா அண்ணி."

பின்னால் அவளிடம் கேட்டவர்களுக்கெல்லாம் நலுமான்சி இதையேதான் சொன்னாள். மறைக்கவேயில்லை.

நஞ்சோபே சொன்னாள். "நலுமான்சி மலடி இல்ல. நான் சொன்னது தப்பு. பழி கத்தி மேலதான்." பதினாறு நொடி. நாலோங்கோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு குறைச்சலா என்று குறைப்பட்டாள். மறுநாள் கிணற்றடியில் நாலு குடம் ஒரு முழம் நெருங்கி வந்தது. நலுமான்சி தன் குடத்தை இரண்டு முழம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

செபோவா இப்போது கம்பாலா ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தடவை போய்வருகிறான். இரண்டு பேரும் சேர்ந்து மருந்து சாப்பிட்டார்கள், முழுசாக. வண்டி சீட்டுக்கு அடியில் இப்போது ஒன்றும் கிடையாது, அவள் பார்த்துவிட்டாள். அவனோடு இருப்பதா, திறந்திருக்கிற ஒரு வழியோடு வேறு வீடு போவதா என்று அவள் இன்னும் சொல்லவில்லை. ஊர் கேட்டுப் பார்த்தது. "யோசிக்கறேன்" என்கிறாள். தினமும் காலையில் அவன் தோட்டத்து வாசலில் நின்று இதைத்தான் கேட்கிறான்.

"என்னம்மா முடிவு பண்ணினே?"

அவள் கத்தியைத் தீயில் திருப்பிப் போடுகிறாள்.

"இன்னும் சூடேறலிங்க. நில்லுங்க."